சீசன் ஆரம்பத்து எண்கள்: ரெபெல்லோவில் இருந்து பிரவீன் சித்திரவேல் வரை

பேப்பரில் 'மும்முறைத் தாண்டுதல்' என்று போடுவார்கள். கிரவுண்டில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. அங்கே அது டிரிபிள் ஜம்ப்தான். பத்தாவது படிக்கும்போது ஸ்போர்ட்ஸ் டே அன்று மணல் குழியில் விழுந்து எழுந்தவர்கள் நம் செட்டிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும். மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுத முயற்சி செய்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி இதுதான். ஒவ்வொரு வருஷமும் சீசன் தொடங்கும்போது கோச்சுகள் டேப்பும் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக வந்து நிற்பார்கள். நின்ற இடத்தில் இருந்து தாண்டு, 30 மீட்டர் ஓடு, பாதி ஓட்டத்தில் இருந்து தாண்டிக் காட்டு... எல்லாம் எண்ணாக மாறி நோட்டில் ஏறும். அந்த எண்ணை வைத்து, இவன் தேறுவான், அவன் தேறமாட்டான் என்று முடிவாகும். ஆனால் சீசன் ஆரம்பத்தில் வரும் எண், சீசன் முடிவில் வரும் பெரிய போட்டியைப் பற்றி உண்மையிலேயே என்ன சொல்கிறது? இந்திய டிரிபிள் ஜம்ப்பின் வரலாற்றில் 1948 முதல் 2025 வரை இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் விளையாட்டு

ஓடி வந்து பலகையில் ஒரு காலை ஊன்றித் தாண்ட வேண்டும். தாண்டிய அதே காலில் இறங்க வேண்டும், இது ஹாப். அங்கிருந்து மறு காலில் இறங்க வேண்டும், இது ஸ்டெப். அதன்பிறகு மணலில் போய் விழ வேண்டும், இது ஜம்ப். வலது காலில் ஆரம்பித்தால் வலது, வலது, இடது, மணல். நொண்டி அடித்து ஒரு தாண்டு, அகலக் கால் வைத்து ஒரு தாண்டு, கடைசியில் நீளம் தாண்டுதல். பாண்டி ஆடியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

தூரத்தை மனதில் வாங்க நம் ஊர்க் கணக்கு ஒன்று. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது ஏறக்குறைய 72 மீட்டர். அதைத் தரையில் படுக்க வைத்ததாக நினைத்துக் கொள்ளுங்கள். இன்றைய இந்திய சாதனை 17.37 மீட்டர். அந்த மாதிரி நாலு தாண்டு தாண்டினால் கோபுரத்தின் நீளத்தில் இரண்டரை மீட்டர்தான் மிச்சம் இருக்கும்!

உலக சாதனை 18.29 மீட்டர். இங்கிலாந்தின் ஜொனாதன் எட்வர்ட்ஸ் 1995 ஆகஸ்ட் 7 அன்று ஸ்வீடனின் கோதன்பர்க்கில் தாண்டியது. இதைப் பிரித்துப் பார்த்தால் ஹாப் 6.05, ஸ்டெப் 5.22, ஜம்ப் 7.02. நடுவில் இருக்கும் ஸ்டெப்தான் மூன்றிலும் சின்னது, ஆனால் அதுதான் கஷ்டம். ஹாப் முடிந்து இறங்கும்போது உடல் எடையைப் போல பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் ஒற்றைக் காலில் விழுகிறது. முட்டி மடங்கினால் கதை முடிந்தது. அந்த அழுத்தத்தை வாங்கிக்கொண்டே மறுபடி எழும்ப வேண்டும். டெஸ்ட் வைப்பதெல்லாம் கடைசியில் இந்தக் கால் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

1948: ஐம்பது அடி இரண்டு அங்குலம்

1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக்ஸ். அந்த அணியில் 19 வயதுப் பையன் ஒருவர் இருந்தார், ஹென்றி ரெபெல்லோ. பெங்களூரில் வளர்ந்தவர். அந்த வருஷம் அவர் தாண்டியிருந்த தூரம் 50 அடி 2 அங்குலம். மீட்டரில் 15.29. பதக்கம் வாங்கக் கூடியவர்களில் ஒருவர் என்ற பேச்சோடுதான் அவர் லண்டன் போனார்.

தகுதிச் சுற்றைத் தாண்டி இறுதிக்கும் வந்துவிட்டார். அன்று குளிர். தன் முறைக்காகக் காத்திருந்து, உடம்பு ஆறிப்போன நிலையில் முதல் தாண்டுக்கு ஓடினார். தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தது. அவ்வளவுதான். ஒரு செல்லுபடியான தாண்டு கூட இல்லாமல் அவருடைய இறுதிப் போட்டி முடிந்தது.

இப்போது முடிவுப் பட்டியலைப் பாருங்கள். தங்கம் ஸ்வீடனின் ஆர்னே ஓமான், 15.40. வெள்ளி ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஏவரி, ஏறக்குறைய 15.37. வெண்கலம் துருக்கியின் ரூஹி சரியால்ப், 15.02. ரெபெல்லோ தன் 15.29-ஐ அங்கே திரும்பச் செய்திருந்தால் வெண்கலம்! தடகளத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2021-ல் நீரஜ் சோப்ராவோடு வந்தது. அது 73 வருஷம் முன்னாலேயே வந்திருக்கக் கூடும்.

'வந்திருக்கும்' என்று எழுதவில்லை, 'வந்திருக்கக் கூடும்' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரெபெல்லோ பிறகு விமானப்படையில் சேர்ந்தார். 2013-ல் காலமானார்.

ஆசியாவின் பழைய ராஜ்ஜியம்

டிரிபிள் ஜம்ப்பை வெள்ளைக்காரர்கள் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1928 ஆம்ஸ்டர்டாமில் ஜப்பானின் மிக்கியோ ஓடா 15.21 தாண்டித் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் ஆசியா வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 1932-ல் சூஹெய் நாம்பு 15.72, 1936-ல் நவோட்டோ தஜிமா சரியாக 16.00. தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்ஸ், மூன்று ஜப்பானியர், மூன்று தங்கம்.

இந்தியாவில் ரெபெல்லோவுக்குப் பிறகு பெரிய பெயர் மொகிந்தர் சிங் கில். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் படித்தவர். 1970 எடின்பரோ காமன்வெல்த்தில் வெண்கலம் (15.90), அதே வருஷம் பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் (16.11), 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த்தில் வெள்ளி (16.44). கிறைஸ்ட்சர்ச்சில் தங்கம் வென்ற கானா நாட்டு ஜோஷுவா ஓவுசு தாண்டியது 16.50. வித்தியாசம் ஆறே சென்டிமீட்டர். நம் கட்டைவிரல் நீளம்!

அதற்குப் பிறகு ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு டிரிபிள் ஜம்ப் தங்கம் கிடைக்க 48 வருஷம் ஆனது. 2018 ஜகார்த்தாவில் பஞ்சாபின் அர்ப்பிந்தர் சிங் 16.77 தாண்டி அதை வாங்கினார்.

நடுவில் கேரளத்தின் ரஞ்சித் மகேஸ்வரி 17 மீட்டரை உடைத்தார். 2007-ல் குவாஹாட்டியில் 17.04. 2010 டெல்லி காமன்வெல்த்தில் 17.07 தாண்டி வெண்கலம். 2016 ஜூலையில் பெங்களூரில் 17.30. ரியோ ஒலிம்பிக்ஸுக்கு ஒரு மாதமே இருந்த நேரம், நாடே நிமிர்ந்து பார்த்தது. ரியோவில் அவர் தாண்டியது 16.13. இறுதிக்குப் போகவில்லை.

பெண்கள் பெயர் ஏன் இந்த வரிசையில் இல்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெண்களுக்கான டிரிபிள் ஜம்ப் ஒலிம்பிக்ஸில் சேர்ந்ததே 1996 அட்லாண்டாவில்தான். ஆண்கள் 1896-லேயே தாண்டிவிட்டார்கள். சரியாக நூறு வருஷ இடைவெளி! நம் பக்கம் கேரளத்தின் மயூகா ஜானி 2011-ல் ஜப்பானின் கோபேயில் 14.11 தாண்டினார். பெண்களின் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

காவிரிக் கரைக்கு வந்த கதை

திருச்சி என்றால் தடகளத்தில் ஓட்டம்தான் ஞாபகம் வரும். லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், திருவெறும்பூர் சுபா வெங்கடேசன், குண்டூர் தனலட்சுமி சேகர் மூவரும் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ரிலே அணிக்குத் தேர்வானவர்கள். தாண்டுதலில் அந்த அளவு பெயர் வர, கல்லணை தாண்டி டெல்டாவுக்குள் போக வேண்டியிருந்தது.

பிரவீன் சித்திரவேல். 2001-ல் பிறந்தவர். டெல்டா கிராமம் ஒன்றில் விவசாயக் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 2018-ல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கியபோதுதான் பலருக்கும் பெயர் தெரிந்தது. அங்கே இரண்டு சுற்றுத் தூரத்தையும் கூட்டிப் பதக்கம் கொடுத்தார்கள். அவருடைய கூட்டுத்தொகை 31.52 மீட்டர்.

2022 ஜூனில் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் 17.18. ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த்தில் 16.89 தாண்டி நாலாவது இடம். மூன்றாவது வந்த பெர்முடா வீரருக்கு 16.92. வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர். அந்தப் போட்டியில் கேரளத்தின் எல்தோஸ் பால் 17.03 தாண்டித் தங்கம், அப்துல்லா அபூபக்கர் 17.02 தாண்டி வெள்ளி. முதல் நாலு பேரில் மூன்று இந்தியர்கள்!

பிறகு கியூபாவின் யோவாந்த்ரி பெத்தான்சோஸிடம் பயிற்சி. 2003, 2005 உலகப் போட்டிகளில் வெள்ளி வென்றவர் அவர். கியூபா இந்த விளையாட்டில் சாதாரண நாடு இல்லை. 1971-லேயே 19 வயது பெத்ரோ பெரெஸ் 17.40 தாண்டி உலக சாதனை வைத்திருந்த மண் அது. அந்த ஊர்த் தலைநகர் ஹவானாவில் 2023 மே 6 அன்று பிரவீன் 17.37 தாண்டினார். ரஞ்சித்தின் சாதனை உடைந்தது. இன்னொரு விஷயம், அன்று காற்று முதுகில் தள்ளவில்லை, எதிரில் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அடித்தது. பின்காற்று விநாடிக்கு 2 மீட்டர் வரை இருந்தாலும் சாதனை செல்லும் என்பது விதி. இவருக்கோ எதிர்க்காற்று.

இப்போது அவருடைய 2023-ஐ வரிசையாகப் பாருங்கள்:

பிப்ரவரி, அஸ்தானா, ஆசிய உள்ளரங்கப் போட்டி: 16.98 (வெள்ளி)
மே, ஹவானா: 17.37 (தேசிய சாதனை)
ஆகஸ்ட், புடாபெஸ்ட், உலகப் போட்டி: 16.38 (இறுதிக்குப் போகவில்லை)
அக்டோபர், ஹாங்சோ, ஆசியப் போட்டி: 16.68 (வெண்கலம்)

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 16.25. 2025 ஏப்ரலில் கொச்சியில் மறுபடி அதே 17.37! சாதனையைச் சமன் செய்தார். மே மாதம் தென்கொரியாவின் குமியில் ஆசியப் போட்டியில் 16.90 தாண்டி வெள்ளி. செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் 16.74, இறுதிக்குப் போகவில்லை.

'பெரிய போட்டி வந்தா பதறிடுறாங்க'

இந்த வரிசையைப் பார்த்ததும் டீக்கடையில் வரும் தீர்ப்பு இதுதான். உள்ளூரில் புலி, வெளியூரில் எலி. ரஞ்சித்துக்கும் சொன்னார்கள், பிரவீனுக்கும் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பு எவ்வளவு நியாயம் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தாயக்கட்டை ஆடியிருப்பீர்கள். பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம், அதில் ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கு வாய்ப்பு பதினாறில் ஒன்று. அறுபது தடவை உருட்டினால் ஒரு பன்னிரண்டாவது விழ 98 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்றே தடவை உருட்டினால்? 18 சதவீதம்கூட இல்லை. கட்டை மாறவில்லை, ஆள் மாறவில்லை, உருட்டிய தடவை மட்டும்தான் மாறியது.

டிரிபிள் ஜம்ப்பும் இப்படித்தான். 'சீசன் பெஸ்ட்' என்பது ஒரு வருஷம் முழுக்கத் தாண்டிய தாண்டுகளில் மிகப் பெரியது. ஒருவர் பத்துப் போட்டியில் ஆறு ஆறு தடவை தாண்டினால் அறுபது தாண்டு. ஆனால் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் கிடைப்பது மூன்றே தாண்டு. அதில் ஒன்று ஃபவுல் ஆனால் இரண்டு. அறுபதில் பெரியதையும் மூன்றில் பெரியதையும் பக்கத்தில் வைத்து, 'குறைந்துவிட்டான்' என்று சொன்னால் அது ஆளைப் பற்றிய செய்தியே இல்லை. பாதி கணக்கு விளையாட்டு.

உலகின் மிகச் சிறந்தவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. பெத்ரோ பிச்சார்டோ 2015 மே மாதம் இதே ஹவானாவில் 18.08 தாண்டினார். ஆகஸ்டில் பெய்ஜிங் உலகப் போட்டியில் 17.73. அதாவது 35 சென்டிமீட்டர் குறைவு. யாரும் பதறிவிட்டார் என்று சொல்லவில்லை. அவருக்கு அது வெள்ளிப் பதக்கம்.

ஆனால் முழுப் பழியையும் கணக்கின் மேல் போட்டுவிட முடியாது. நம்மவர்களின் வித்தியாசத்தை அடுக்கிப் பார்த்தால்:

ரஞ்சித் 2016, பெங்களூரு முதல் ரியோ: 1.17 மீட்டர் குறைவு
பிரவீன் 2023, ஹவானா முதல் புடாபெஸ்ட்: 99 செ.மீ. குறைவு
பிரவீன் 2025, கொச்சி முதல் டோக்கியோ: 63 செ.மீ. குறைவு
அர்ப்பிந்தர் 2014, லக்னோவில் 17.17, கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 16.63 (வெண்கலம்): 54 செ.மீ. குறைவு
அப்துல்லா 2022, புவனேஸ்வரில் 17.19, பர்மிங்காமில் 17.02: 17 செ.மீ. குறைவு
எல்தோஸ் 2022, ஏப்ரலில் 16.99, பர்மிங்காமில் 17.03: 4 செ.மீ. அதிகம்!

35 சென்டிமீட்டர் குறைவதைத் தாயக்கட்டைக் கணக்கில் எழுதலாம். ஒரு மீட்டர் குறைந்தால் அங்கே வேறு ஏதோ காரணமும் இருக்கிறது. என் கணிப்பில் அதில் பெரிய பங்கு காலண்டருக்கு.

2023 உலகப் போட்டிக்கு நேரடித் தகுதி 17.20. பாரிஸுக்கும் 2025 டோக்கியோவுக்கும் 17.22. வாழ்நாள் சிறந்தது 17.80 என்று இருப்பவருக்கு இது சாதாரணம், ஏதோ ஒரு போட்டியில் அரைகுறை உடம்போடு தாண்டினாலும் தகுதி கிடைத்துவிடும். பிறகு ஆகஸ்டுக்கு மட்டும் தயாரானால் போதும். நம் வீரருக்கு 17.22 என்பது வாழ்நாளிலேயே நாலைந்து தடவைதான் வரக்கூடிய தூரம். டிக்கெட் வாங்குவதற்கே உச்சத்துக்குப் போக வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் ஒரு உச்சம், ஆகஸ்டில் இன்னொரு உச்சம் என்றால் உடம்பு என்ன செய்யும்? பத்து மடங்கு எடை தாங்கும் கால் அது. ரயிலில் ஏறுவதற்கே ஓடி இளைத்தவனிடம் போய் ஊர் சேர்ந்ததும் பந்தயம் ஓடு என்கிற மாதிரி.

வெயிலும் உண்டு. கொச்சி ஏப்ரலும் ஹவானா மேயும் தசையை இளக வைக்கிற வெப்பம். லண்டன் குளிரில் ரெபெல்லோவுக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோம்.

டெஸ்ட் எங்கே இருந்து வந்தது?

ஆகவே போட்டித் தூரத்தை மட்டும் வைத்து ஒருவரின் வளர்ச்சியைத் தொடர முடியாது. அதனால்தான் டெஸ்ட். இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

நின்ற இடத்தில் இருந்து மூன்று தாண்டு தாண்டுவது இன்று எல்லாக் கோச்சும் வைக்கும் டெஸ்ட். அது ஒரு காலத்தில் ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது! 1900 பாரிஸிலும் 1904 செயின்ட் லூயிஸிலும் ரே யூரி என்ற அமெரிக்கர் அதில் தங்கம் வென்றார். பாரிஸில் அவர் தாண்டியது 10.58. ஒரு அடிகூட ஓடாமல்! சின்ன வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர் அவர் என்பது கூடுதல் செய்தி.

1921-ல் டட்லி சார்ஜென்ட் என்ற அமெரிக்க உடற்கல்வியாளர் நின்ற இடத்தில் மேலே எம்பும் உயரத்தை அளந்து, மனிதனின் பலத்துக்கு அது ஓர் அளவுகோல் என்று எழுதினார். இன்றும் அதற்கு சார்ஜென்ட் ஜம்ப் என்றுதான் பெயர். 1960-களில் சோவியத் யூனியனில் யூரி வெர்கோஷான்ஸ்கி போன்றவர்கள் உயரத்தில் இருந்து குதித்து உடனே எம்பும் பயிற்சியை முறைப்படுத்தினார்கள். அங்கே பயிற்சியும் டெஸ்ட்டும் ஒன்றோடு ஒன்று பின்னப்பட்டிருந்தன. அந்த நாட்டின் விக்டர் சனேயெவ் 1968, 1972, 1976 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 1968 மெக்சிகோவில் அந்த ஒரே போட்டிக்குள் உலக சாதனை ஐந்து தடவை உடைந்தது, கடைசியாக உடைத்தவர் அவர்தான், 17.39.

நோட்டை எப்படிப் படிப்பது?

ஜனவரியில் எடுக்கும் எண்களில் சில, காலின் பலத்தைச் சொல்லும் (நின்று தாண்டும் டெஸ்ட், தொடர் தாண்டு). சில, வேகத்தைச் சொல்லும் (30 மீட்டர்). சில, இரண்டையும் சேர்க்கத் தெரிகிறதா என்று சொல்லும் (ஆறு எட்டு, பத்து எட்டு மட்டும் ஓடி வந்து தாண்டுவது). இந்த மூன்றாவதுதான் டிரிபிள் ஜம்ப்புக்கு மிக நெருக்கம். வேகம் மட்டும் கூடி, கால் தாங்காவிட்டால் ஸ்டெப் சுருங்கிவிடும். எட்வர்ட்ஸின் ஸ்டெப் 5.22 என்று பார்த்தோம். பிரவீனின் 17.37-ல் ஸ்டெப்புக்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதுவே 5.21 வரும். அதனால் மொத்தத் தூரத்தை மட்டும் எழுதும் நோட்டு பாதி நோட்டுதான். மூன்று துண்டையும் தனித்தனியாக எழுதியிருந்தால்தான் எங்கே வளர்ந்தது, எங்கே தேய்ந்தது என்று தெரியும்.

அடுத்தது பலகை. போட்டியில் தூரம் பலகையின் மணல் பக்க விளிம்பில் இருந்துதான் அளக்கப்படும், காலின் நுனியில் இருந்து இல்லை. விளிம்புக்கு 15 சென்டிமீட்டர் முன்பே கால் எழும்பிவிட்டால் அந்த 15 சென்டிமீட்டர் தர்மக் கணக்கு. டெஸ்ட்டில் இதை நுனியில் இருந்து அளந்து எழுதினால் உடம்பின் உண்மை தெரியும், விளிம்பில் இருந்து அளந்தால் போட்டியின் உண்மை தெரியும். இரண்டும் வேண்டும்.

கடைசியாக, ஆட்டம். ஒரு பேச்சுக்கு ஒரு பெண் மூன்று நாள் நின்று தாண்டியதில் 7.10, 7.24, 7.16 என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாரம், அதே உடம்பு, ஆனால் 14 சென்டிமீட்டர் ஆட்டம். அடுத்த மாதம் 7.22 தாண்டினால் அது வளர்ச்சி இல்லை, பழைய ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 7.40 என்றால் கவனிக்கலாம். அதேபோல் 7.08 என்றால் 'இறங்கிவிட்டாள்' என்று அர்த்தம் இல்லை. அதே கிரவுண்ட், அதே ஷூ, அதே நேரம் என்று வைத்து, ஒரு பெரிய எண்ணுக்குப் பதில் நடு எண்ணை எடுத்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

எட்வர்ட்ஸின் கதையே இதற்கு நல்ல பாடம். 1992 பார்சிலோனாவில் அவர் இறுதிக்கே போகவில்லை. 1995-க்கு முன் அவருடைய சிறந்த தூரம் 17.44. 1994-ல் உடம்புக்கு முடியாமல் பெரும்பகுதி வீணானது. அந்த எண்களை வைத்து யாராவது அவரை ஓரம் கட்டியிருந்தால் கோதன்பர்க் நடந்திருக்காது. அதன் பிறகும் 1996 ஒலிம்பிக்ஸில் 17.88 தாண்டியும் வெள்ளிதான். தங்கத்துக்கு 2000 சிட்னி வரை, 34 வயது வரை காத்திருந்தார்.

கடைசியாக

இப்போது ரெபெல்லோவுக்கு வருவோம். 'வெண்கலம் வந்திருக்கும்' என்று ஏன் எழுதவில்லை? அவருடைய 15.29 அந்த வருஷத்தின் பெரிய தாண்டு. நம்மிடம் இருப்பது அந்த ஒற்றை எண். அவருடைய மற்ற தாண்டுகளின் நடு எண் என்ன, எத்தனை தடவை 15 மீட்டரைத் தாண்டினார், இதெல்லாம் சேர்ந்தால்தான் அந்த வாய்ப்பின் அளவு தெரியும். ஒற்றைச் சிறந்த எண் ஒருவரை நாயகனாக்கவும் ஏமாற்றுக்காரனாக்கவும் போதுமானதாக இருக்கிறது, புரிந்துகொள்ள மட்டும் போதவில்லை.

இது ஒலிம்பிக்ஸ் பேச்சு மட்டும் இல்லை. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷன், ஸ்போர்ட்ஸ் கோட்டா, ஜில்லா அணி... இவற்றில் பலவும் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும் சமாச்சாரம். ஒரு நாள், இரண்டு மூன்று வாய்ப்பு, ஒரு எண். அன்றைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கிராமத்துப் பையனுக்கும், முந்தின நாள் காய்ச்சலில் கிடந்த பெண்ணுக்கும் அந்த மூன்று உருட்டில் பன்னிரண்டு விழாவிட்டால் ஹாஸ்டல் சாப்பாடும் கோச்சும் கல்லூரி சீட்டும் சேர்ந்தே போய்விடும். மூன்று வாரம் தள்ளி இன்னொரு தடவை அளந்தால் செலவு ஒரு டேப்பும் ஒரு காலையும்தான்.

மதுரைக்காரர் செல்வ பிரபு திருமாறன் 2022-ல் கொலம்பியாவின் காலி நகரில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 16.15 தாண்டி வெள்ளி வென்றார். அடுத்த வருஷமே 16.78. காவிரி, வைகை என்று நம் பக்கத்தில் கால்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிரவீனுக்கு இன்னும் 25 வயதை ஒட்டித்தான், ஒரு டிரிபிள் ஜம்ப்பருக்கு நல்ல காலம் பாக்கி இருக்கிறது.

அடுத்த தடவை ஏப்ரலில் யாராவது 17 மீட்டர் தாண்டினார் என்று பேப்பரில் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். ஆகஸ்டில் அவரே 16.70 தாண்டினால் திட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள். எத்தனை உருட்டில் வந்த பன்னிரண்டு அது? டிக்கெட் வாங்க அவர் எவ்வளவு ஓட வேண்டியிருந்தது?